வானத்துக்கு ஒரு அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்தர்!

ஆபீஸுக்குப் பத்து நிமிஷம் லேட்டாகப் போனால் அந்தக் காலத்து மானேஜர் ரிஜிஸ்தரில் சிவப்பு மையால் ஒரு கோடு போடுவார். மூன்று கோடு சேர்ந்தால் அரைநாள் லீவு அம்பேல்! இப்போது கோட்டுக்குப் பதில் மெஷினில் கட்டைவிரலை வைக்கிறோம். அவ்வளவுதான் வித்தியாசம். நாம் வந்தோமா, வரவில்லையா என்று கணக்கு வைக்க எப்போதும் ஓர் ஆள் உண்டு.

ஆனால், கஜகஸ்தான் மாதிரி மத்திய ஆசியப் புல்வெளிகளிலிருந்து நம்ம ஊர்க் கரிசல் காட்டுக்கு வருஷா வருஷம் டூட்டிக்கு வரும் ஒரு கோஷ்டி இருக்கிறது. டிக்கெட் கிடையாது, டி.ஏ. கிடையாது. புரட்டாசி, ஐப்பசியில் வந்து சேரும். பங்குனி வாக்கில் கிளம்பிவிடும். வந்தவர்கள் எத்தனை பேர், போன வருஷம் வந்ததில் இந்த வருஷம் எத்தனை குறைச்சல் என்று பெரும்பாலான ஊர்களில் எழுதி வைக்க ஆளே இல்லை.

கோஷ்டியின் பெயர், பூனைப்பருந்து. இந்தியாவுக்கு வருபவை ஆறு வகை. நம் தென்மாவட்டக் கரிசலில் பார்க்கக்கூடியதில் முக்கியமானது மொண்டாகு பூனைப்பருந்து. ஆணுக்குச் சாம்பல் நிற சஃபாரி சூட். இறக்கை நுனி மட்டும் மையில் தொட்டு எடுத்த மாதிரி கறுப்பு. பெண்ணுக்குப் பழுப்பு நிறம், வால் ஆரம்பிக்கும் இடத்தில் வெள்ளைப் பட்டை. எடை என்ன தெரியுமா? கிட்டத்தட்ட கால் கிலோவிலிருந்து முன்னூற்றைம்பது கிராம். அதாவது நாம் மார்க்கெட்டில் வாங்கும் கால் கிலோ கத்தரிக்காயைவிடக் கொஞ்சம் கூடுதல். அந்தக் கத்தரிக்காய்தான் பல ஆயிரம் கிலோமீட்டர் பறந்து வருகிறது!

எனக்குச் சில வருஷங்களாகவே இந்தப் பருந்துப் பைத்தியம் உண்டு. என் பள்ளிக்கூட நண்பன் ஒருவன் தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசு ஆபீஸில் கணக்குப் பார்க்கிறான். (பெயர் போட்டால் உதைப்பான்.) வெளியூர் வாசகர்களுக்கு ஒரு சேதி. சிவகாசி வட்டாரத்தில் பட்டாசுத் தொழிற்சாலை என்று யாரும் வாய் வலிக்கச் சொல்ல மாட்டார்கள். பட்டாசு செய்தால் பட்டாசு ஆபீஸ், தீப்பெட்டி செய்தால் தீப்பெட்டி ஆபீஸ். எல்லாருமே ஆபீஸுக்குத்தான் போகிறார்கள்!

தீபாவளி முடிந்ததும் பட்டாசு ஆபீஸ்களுக்குக் கொஞ்ச நாள் ஓய்வு. "மாப்ளே, லீவுதான். வந்தீன்னா கறிச்சோறு நிச்சயம்" என்று அவன் போன் செய்தான். கறிச்சோற்றுக்காகப் போனேன் என்று அவன் நினைத்துக்கொண்டிருக்கிறான். பைனாகுலரையும் நோட்டையும் பையில் பார்த்ததும் முகம் கொஞ்சம் சுருங்கிவிட்டது.

"டேய், வருஷம் பூரா எண்ணித்தாண்டா சம்பளம் வாங்குறேன். லீவுலயும் எண்ணச் சொல்றியே!"

'நெறய' என்றால் எத்தனை?

வெம்பக்கோட்டை தாலுகாவில் இருக்கிறது தாயில்பட்டி. சுற்றிலும் மானாவாரிக் கரிசல். மக்காச்சோளம், பருத்தி, நடுநடுவே தரிசு. பட்டாசு ஆபீஸ்களை ஊருக்குள் நெருக்கியடித்துக் கட்ட முடியாது. கட்டடத்துக்குக் கட்டடம் இடைவெளி விட வேண்டும் என்பது சட்டம். அதனால் வேலிக்கு அந்தப் பக்கம் வெட்டவெளியும் காய்ந்த புல்லும் நிறையவே உண்டு. மரம் குறைவு, மறைப்பு இல்லை. பூனைப்பருந்துக்கு இதுதான் ஐந்து நட்சத்திர ஓட்டல்.

மற்ற பருந்துகள் உயரத்தில் வட்டமடிக்கும். இது அப்படி இல்லை. தரையிலிருந்து ஓர் ஆள் உயரத்தில், இறக்கையை 'வி' எழுத்து மாதிரி தூக்கிப் பிடித்துக்கொண்டு, காட்டை உழுகிற மாதிரி அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் அலையும். முகம் ஆந்தை முகம் போல வட்டம். அந்த வட்டம் சத்தத்தைக் குவித்துக் காதுக்கு அனுப்புகிறது. புல்லுக்குள் எலி ஓடினாலும் வெட்டுக்கிளி குதித்தாலும் கேட்டுவிடும். நம் நாட்டுக்கு வரும் மொண்டாகுவின் சாப்பாட்டில் வெட்டுக்கிளிக்குப் பெரிய பங்கு. கூலி கேட்காமல் பூச்சி பிடிக்கும் ஆள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சாயங்காலம் நாலரை மணிக்கு அவன் ஆபீஸ் வேலிக்கு வெளியே ஒரு வேப்பமரத்தடியில் உட்கார்ந்தோம். வாட்ச்மேன் தாத்தா ஒருவர் சைக்கிளை நிறுத்திவிட்டு வந்து பக்கத்தில் குத்துக்காலிட்டார்.

"என்ன தம்பி, சர்வேயா? ரோடு போடப் போறீகளா?"

"இல்ல தாத்தா, பருந்து எண்ண வந்தோம்."

அவர் நண்பனைப் பார்த்த பார்வையில், 'நல்லாத்தானே இருந்தான் இந்தப் பையன்' என்ற கவலை தெரிந்தது. ஆனால் பைனாகுலரைக் கையில் கொடுத்ததும் ஆள் மாறிவிட்டார்.

"இதா? இது மழை எறங்குற சமயத்துல வரும். அங்கிட்டு இங்கிட்டுத் தரையோட தரையா திரியும். பங்குனில பாத்தா ஒண்ணு இருக்காது. முன்னெல்லாம் நெறய வரும் தம்பி."

"நெறயன்னா எத்தனை தாத்தா?"

"நெறய."

"ஒரு அம்பது இருக்குமா?"

"அட, நெறயன்னா நெறயதான். அதை யாரு எண்ணிக்கிட்டுக் கெடந்தா?"

நண்பர்களே, இந்தக் கட்டுரை முழுக்க நான் சொல்ல வந்தது அந்தப் பெரியவர் சொன்ன கடைசி வாக்கியம்தான். 'நெறய' என்பது ஓர் எண் அல்ல. நெறய பாதியாகக் குறைந்தாலும் பார்ப்பவருக்கு நெறயதான். அதிலும் பாதி குறைந்தால் 'பரவாயில்ல, வருது'. அதற்கும் கீழே போனால் 'இப்பல்லாம் அவ்வளவா இல்ல'. அப்புறம் ஒரு நாள் பேச்சே நின்றுவிடும்.

கழுகு போனது யாருக்குத் தெரிந்தது?

இது வெறும் பயமுறுத்தல் இல்லை. பிணந்தின்னிக் கழுகுகளுக்கு நடந்தது அதுதான். 1980-களில் இந்தியாவில் அவை லட்சக்கணக்கில் இருந்தன. செத்த மாடு கிடக்கும் இடமெல்லாம் கழுகுதான். யார் எண்ணுவார்கள்? ராஜஸ்தானின் பரத்பூர் சரணாலயத்தில் மட்டும் விபு பிரகாஷ் என்ற ஆராய்ச்சியாளர் 1980-களிலேயே எண்ணி எழுதி வைத்திருந்தார். 1990-களில் திரும்ப எண்ணியபோது பழைய நோட்டுக்கும் புதிய நோட்டுக்கும் இடையே பெரிய பள்ளம்! அப்போதுதான் நாடே விழித்தது. 2004-ல் காரணம் தெரிந்தது. மாட்டுக்கு வலி நிவாரணியாகப் போட்ட டைக்ளோஃபினாக் மருந்து, செத்த மாட்டைத் தின்ற கழுகின் சிறுநீரகத்தை அடைத்துக் கொன்றிருக்கிறது. 2006-ல் அந்த மருந்தை மாடுகளுக்குக் கொடுக்க இந்தியா தடை போட்டது. அதற்குள் சில இனங்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது போயே போய்விட்டது. பரத்பூர் நோட்டு மட்டும் இல்லாதிருந்தால் தடை இன்னும் எத்தனை வருஷம் தள்ளிப் போயிருக்குமோ!

அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தில் ஹாக் மவுண்டன் என்று ஒரு மலை. இலையுதிர் காலத்தில் தெற்கே போகும் பருந்துகள் அந்த மலைமுகட்டை ஒட்டிப் போகும். ஞாயிற்றுக்கிழமை ஆனால் துப்பாக்கியோடு ஆட்கள் வந்து பொழுதுபோக்காகச் சுட்டுத் தள்ளுவார்கள். 1934-ல் ரோசலி எட்ஜ் என்ற அம்மையார் அந்த மலையையே குத்தகைக்கு எடுத்தார். காவலுக்கு மாரிஸ் பிரவுன் என்ற இளைஞரைப் போட்டார். அவர் துப்பாக்கிக்காரர்களைத் திருப்பி அனுப்பியதோடு, பறந்து போன பருந்துகளையும் எண்ண ஆரம்பித்தார். இரண்டாம் உலகப் போர் சமயத்தில் கொஞ்சம் இடைவெளி. மற்றபடி இன்றுவரை எண்ணிக்கொண்டே இருக்கிறார்கள்.

அதனால் என்ன பிரயோஜனம்? 1935 முதல் 1939 வரை அங்கே பறந்த வெண்தலைக் கழுகுகளில் நூற்றுக்கு 40 இளசுகள். 1955 முதல் 1959 வரை எண்ணியபோது இளசுகள் நூற்றுக்கு 20 தான். கிழடுகள் பறக்கின்றன, குஞ்சுகளைக் காணோம்! டி.டி.டி. பூச்சிமருந்தின் கேட்டைப் பற்றி 1962-ல் ரேச்சல் கார்சன் எழுதிய புகழ்பெற்ற 'மௌன வசந்தம்' புத்தகத்தில் இந்தக் கணக்கும் ஒரு சாட்சி. 1972-ல் அமெரிக்கா டி.டி.டி.-க்குத் தடை விதித்தது. ஒரு காவல்காரர் மலைமேல் உட்கார்ந்து போட்ட கோடுகள் எங்கே போய் முடிந்தன பாருங்கள்!

நம் நாட்டிலேயே இன்னொன்று. 2012 அக்டோபரில் நாகாலாந்தின் தோயாங் அணைப் பக்கம் மீன்வலையைக் கட்டி அமுர் வல்லூறுகளைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். பானோ ஹராலு, ராம்கி ஸ்ரீனிவாசன் உள்ளிட்ட சிலர் அங்கே போய்க் கணக்கெடுத்தார்கள். ஒரு நாளைக்குப் பன்னிரண்டாயிரத்திலிருந்து பதினாலாயிரம். அந்த ஒரு பருவத்தில் மொத்தம் 1,20,000 முதல் 1,40,000 வரை இருக்கலாம் என்று மதிப்பிட்டார்கள். 'நிறைய பிடிக்கிறார்கள்' என்று மட்டும் எழுதியிருந்தால் பேப்பரில் ஏழாம் பக்கத்தில் நாலு வரி வந்திருக்கும். எண் போட்டதால் உலகமே அதிர்ந்தது. கிராமத்துப் பெரியவர்களே முன்வந்தார்கள். அடுத்த வருஷம், 2013-ல், வலை கட்ட ஆளில்லை.

அனல் லிஃப்ட்!

இவ்வளவு தூரம் எப்படிப் பறக்கின்றன? கரிசல் காட்டில் வெயில் நேரத்தில் சுழல்காற்று கிளம்பி, கீழே கிடக்கும் காகிதத்தைச் சுற்றிச் சுற்றி மேலே கொண்டுபோவதைப் பார்த்திருப்பீர்கள். சூடான தரைக்கு மேலே காற்று அப்படித்தான் எழும்பும். பருந்து அதற்குள் நுழைந்து இறக்கையை விரித்துவிட்டால் போதும், லிஃப்ட் மாதிரி ஓசியில் மேலே போகலாம். உச்சிக்குப் போனதும் சறுக்கிக்கொண்டே அடுத்த லிஃப்ட்டுக்குப் போகும். அதனால்தான் பெரிய கழுகுகள் காலையில் வெயில் ஏறும்வரை கிளம்பாது. நம்மைப் போலத்தான், பத்து மணி ஆபீஸ்!

கடலில் இந்த லிஃப்ட் சரியாக வேலை செய்யாது. அதனால் கடலைச் சுற்றிக்கொண்டு தரை வழியாகவே கூட்டமாகப் போகும். மெக்ஸிகோவின் வெராக்ரூஸ் கடலோரத்தில் ஓர் இலையுதிர் காலத்தில் நாற்பது லட்சத்துக்கும் மேல்; கருங்கடல் ஓரத்தில் ஜார்ஜியா நாட்டின் பட்டூமியில் பத்து லட்சம்கூடப் போகும். நமக்குப் பக்கத்தில் நேபாளத்தில் பொக்காரா அருகே தூலாகர்க்கா என்ற இடத்தில் 2012 முதல் எண்ணுகிறார்கள். இமயமலையை ஒட்டிக் கிழக்கிலிருந்து மேற்காகப் போகும் கழுகுகள் அங்கே ஆயிரக்கணக்கில்.

பூனைப்பருந்தும் வல்லூறும் இறக்கையை நன்றாகவே அடித்துப் பறக்கும். அதனால் அவை கொஞ்சம் தைரியசாலிகள். நூற்றைம்பது கிராம் எடையுள்ள அமுர் வல்லூறு, இந்தியாவிலிருந்து அரபிக்கடலை நேராகக் கடந்து ஆப்பிரிக்கா போகிறது! அதே காலத்தில் தட்டான்களும் அதே கடலைக் கடக்கின்றன. வழிச்சாப்பாடு கூடவே பறந்து வருகிறது!

புளியங்கொட்டைக் கணக்கு

இமயமலை மாதிரி ஊர்வலம் தாயில்பட்டியில் கிடையாது. இங்கே வருபவர்கள் தங்குகிறவர்கள். எனவே எண்ணும் முறையும் வேறு. பூனைப்பருந்து மரத்தில் தூங்காது. உயரமான புல்லுக்குள் தரையில், கூட்டமாகப் படுக்கும். பகலில் தனித்தனியாகத் திரிந்தவை பொழுது சாயும்போது ஒரே திசையில் வீடு திரும்பும். அந்தச் சமயம்தான் எண்ண வசதி.

முதல் விதி: படுக்கும் இடத்துக்குள் கால் வைக்கக் கூடாது. தூரத்தில் ஒரே இடத்தில் உட்கார வேண்டும். இரண்டாவது விதி: ஒரு கோடு. நாங்கள் ஒற்றைப் பனையிலிருந்து கம்பிவேலி மூலைவரை மனசுக்குள் ஒரு கோடு போட்டுக்கொண்டோம். கோட்டை மேற்கிலிருந்து கிழக்கே தாண்டினால் ஒன்று கூட்டு; திரும்பிப் போனால் ஒன்று கழி. இல்லாவிட்டால் ஒரே பருந்து ஏழு தடவை சுற்றினால் ஏழு பருந்தாகிவிடும். மூன்றாவது விதி: ஒருவர் பார்க்க, ஒருவர் எழுத. நாலாவது விதி: தெரியாததைத் தெரிந்த மாதிரி எழுதக் கூடாது. பெண்ணும் இளசும் எல்லா வகையிலும் கிட்டத்தட்ட ஒரே பழுப்பு. 'பழுப்பு' என்று மட்டும் எழுதினால் போதும்.

வெளிநாட்டில் எண்ணுவதற்குக் கையில் ஒரு கிளிக் கருவி வைத்திருப்பார்கள். "தீப்பெட்டி ஊர்ல நமக்குக் கருவி எதுக்கு? ஒரு பருந்துக்கு ஒரு தீக்குச்சி, இந்தப் பையிலேர்ந்து அந்தப் பைக்கு!" என்று சொல்லிப் பார்த்தேன்.

தாத்தா பதறிப்போய் எழுந்துவிட்டார். "ஆபீஸ் பக்கத்துல குச்சியா? கேட்லயே சட்டைப்பையைத் தடவித்தான் உள்ள விடுவோம். பேச்சுக்குக்கூட வேண்டாம் தம்பி!"

கடைசியில் அவரே சைக்கிள் பையைத் துழாவிப் புளியங்கொட்டை கொடுத்தார். பேத்தி பல்லாங்குழிக்கு வைத்திருந்ததாம்.

அந்தப் பதற்றத்தில் வேடிக்கை ஒன்றும் இல்லை. பட்டாசு ஆபீஸில் மருந்து கையாளும் ஓர் அறையில் நாலு பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்பது விதி. ஐந்தாவது ஆள் நுழைந்தால், விபத்து நடக்கும்போது ஓர் உயிர் கூடுதலாகப் போகும். 2021 பிப்ரவரியில் இதே வட்டாரத்தில் அச்சங்குளத்தில் நடந்த வெடிவிபத்தில் இருபது பேருக்கு மேல் இறந்துபோனார்கள். எண்ணிக்கை என்றால் என்ன என்று இந்த ஊர்க்காரர்களுக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை. நாலு என்றால் நாலுதான். 'சுமாரா நாலஞ்சு' என்பது இங்கே செல்லாது.

அன்றைக்கு ஆறேகால் மணிக்கு இருட்டிப்போனது. நோட்டில் ஏறிய கணக்கு: மொண்டாகு ஆண் 2, பழுப்பு 5, சிவப்பு வல்லூறு 1, நம்ம ஊர்க் கருந்தோள் பருந்து 1. மேகமூட்டம், லேசான கீழ்க்காற்று.

நண்பனுக்கு ஏமாற்றம். "மெக்ஸிகோவுல நாப்பது லட்சம்ங்கிறே, இங்க ஒம்பதா? மொத்தம் ஒரு டஜன்கூடத் தேறலையே! இதை வச்சு என்னடா பண்ணுவே?"

ஒன்பதை வைத்து என்ன செய்யலாம்?

நியாயமான கேள்வி. ஒரே ஒரு நாளின் ஒன்பதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் அதே மரத்தடி, அதே கோடு, அதே நேரம், அடுத்த வருஷமும் அதற்கடுத்த வருஷமும் என்று பத்து வருஷம் எண்ணினால் அதற்குப் பெயர் ஆராய்ச்சி. ஆந்திராவில் கர்நூல் பக்கம் ரோலபாடு புல்வெளியில் 1980-களில் பூனைப்பருந்துகள் ஆயிரத்துக்கும் மேல் தங்கின. 2010-களில் நூறுக்கும் கீழே வந்துவிட்டது. இது பெங்களூரின் ஏட்ரீ ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த டி.கணேஷ் குழுவினர் பழைய, புதிய கணக்குகளை ஒப்பிட்டுச் சொன்னது. இதே நிறுவனத்தினர் நம் பக்கத்துத் திருநெல்வேலி மாவட்டத்துத் தரிசுகளிலும் சாயங்காலங்களில் உட்கார்ந்து எண்ணியிருக்கிறார்கள்.

பருந்துகள் குறைய முக்கியக் காரணம், இடம் போவது. நம் வருவாய்த் துறை ரிக்கார்டில் புல்வெளிக்குப் பெயர் 'தரிசு'. தரிசு என்றால் சும்மா கிடக்கிறது என்று அர்த்தம். சும்மா கிடப்பதில் பிளாட் போடலாம், சோலார் தகடு நடலாம், மரம் வளர்க்கிறேன் என்று குழிகூடத் தோண்டலாம். எல்லாமே நல்ல காரியம் போலத்தான் தெரியும். அங்கே ராத்திரி யாராவது படுத்துத் தூங்குகிறார்களா என்று கேட்கிறவர் கிடையாது. கேட்டாலும், 'எத்தனை பேர்?' என்று கலெக்டர் ஆபீஸில் திருப்பிக் கேட்பார்கள். அப்போது 'நெறய' என்று சொன்னால் ஃபைல் நகருமா? ஆபீஸில் வேலை பார்க்கும் உங்களுக்கே தெரியும், நகராது!

நீங்களும் ஆரம்பிக்கலாம். பெரிய செலவில்லை. சுமாரான ஒரு பைனாகுலர், ஒரு நாற்பது பக்க நோட்டு. மொட்டைமாடியோ, கண்மாய்க் கரையோ, ஊருக்கு வெளியே ஒரு வேப்பமரமோ போதும். அக்டோபரிலிருந்து மார்ச் வரை வாரம் ஒரு சாயங்காலம், ஒரு மணி நேரம். தேதி, நேரம், காற்று, எண்ணிக்கை. ஒன்றும் வராத நாளில் சைபர் என்று கட்டாயம் எழுத வேண்டும். சைபரும் கணக்குதான். எழுதியதை 'இ-பேர்டு' என்ற செல்போன் செயலியில் ஏற்றிவிட்டால் உலகத்தில் எந்த மூலையில் இருக்கும் ஆராய்ச்சியாளருக்கும் அது பயன்படும். தனியாகப் போக அலுப்பாக இருக்கிறதா? தமிழ்நாட்டில் 2015 முதல் பொங்கல் விடுமுறையில் 'பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு' நடக்கிறது. கரும்பு தின்ற கையோடு கலந்துகொள்ளலாம். பெண் பார்க்கப் போகும் இடத்தில் 'என்ன பொழுதுபோக்கு?' என்று கேட்டால் 'பருந்து எண்ணுவேன்' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அதற்கு நான் பொறுப்பில்லை!

தாயில்பட்டி நோட்டு இப்போது என்னிடம் இல்லை. வாட்ச்மேன் தாத்தாவிடம் இருக்கிறது. "நான்தான் தெனமும் இங்க கெடக்கேன். நீங்க லீவுக்கு லீவு வந்து என்னத்தை எண்ணுவீக?" என்று வாங்கி வைத்துக்கொண்டார். போன வாரம் நண்பன் போன் செய்தான். தாத்தா ஒரு சாயங்காலம்கூடத் தவறவிடவில்லையாம். பைனாகுலர் கிடையாது, வகை பிரிப்பதும் கிடையாது. 'பருந்து 6', 'பருந்து 8', 'பருந்து 0, மழை' என்று வரிசையாக எழுதியிருக்கிறாராம். கடைசியில் ஒவ்வொரு நாளும் கையெழுத்து வேறு.

வருகைப் பதிவேடு என்றால் கையெழுத்து இல்லாமலா?